டிஸ்க் படித்து முடிந்ததும் கெர்னல் விழுகிறது: பேஜ் ஃபால்ட்டா, இன்டரப்ட் சிக்கலா?

கேள்வி: இரவுநிரலர்

வணக்கம். 32 பிட் எக்ஸ்86 கணினிக்காக, கற்றுக்கொள்ளும் நோக்கில், சி மொழியில் ஒரு சிறு கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எழுதி, கணினியைப் போலச் செயல்படும் க்யூஎமு மென்பொருளில் ஓட்டிப் பார்த்துவருகிறேன். டிஸ்கைப் படிக்க ஏடிஏ பிஐஓ முறையை, அதாவது பிராசஸரே போர்ட்டுகள் வழியாகத் தரவை எடுக்கும் முறையைப் பயன்படுத்துகிறேன். 1எஃப்2 முதல் 1எஃப்6 வரையுள்ள போர்ட்டுகளில் செக்டர் (512 பைட் கொண்ட டிஸ்க் துண்டு) எண்ணிக்கையையும் எல்பிஏ முகவரியையும் (செக்டரின் வரிசை எண்) இட்டு, 1எஃப்7-இல் 20 என்ற கட்டளையை எழுதி, டிரைவ் வேலையில் இருப்பதைக் காட்டும் பிஎஸ்ஒய் பிட் இறங்கி, தரவு தயார் என்று காட்டும் டிஆர்க்யூ பிட் ஏறும்வரை காத்திருந்து, பிறகு 1எஃப்0-இலிருந்து தரவை எடுக்கிறேன் (போர்ட் எண்களும் கட்டளை எண்ணும் பதினாறடிமானத்தில் உள்ளவை).

முதல் செக்டரைப் படிக்கும் ஃபங்ஷன் ஒழுங்காகத்தான் திரும்புகிறது. கடைசி இரண்டு பைட்டுகள் 55, ஏஏ என்று சரியாக இருப்பதை அச்சிட்டும் பார்த்துவிட்டேன். ஆனால் அதை அழைத்த ஃபங்ஷன் முடியும் இடத்தில் கணினி ரீபூட் ஆகி, மறுபடி அதே இடத்தில் விழுந்து, இப்படியே சுற்றிக்கொண்டிருக்கிறது. 512 பைட் பஃபர் அந்த இரண்டாவது ஃபங்ஷனுக்குள் லோக்கல் மாறியாக இருக்கிறது. அதை குளோபலாக மாற்றினால் விழுவதில்லை. மாறாக, நினைவகத்தில் பஃபரை ஒட்டியுள்ள வேறு சில மாறிகள் சுழியமாகிவிடுகின்றன. டிஸ்க் பிராசஸரை இடைமறிக்க அனுப்பும் சமிக்ஞையான (இன்டரப்ட்) ஐஆர்க்யூ 14-ஐ நான் கையாளாததுதான் காரணமா?

பதில்: பழையபோர்டு

அந்தச் சந்தேகம் இயல்பானதே. அதை உடனே தீர்த்தும் கொள்ளலாம். 3எஃப்6 போர்ட்டில் 2 என்று எழுதினால் டிரைவ் இன்டரப்ட் எழுப்பாது. இன்டரப்ட்டுகளைப் பிராசஸருக்கு அனுப்பும் 8259 சிப்பை மறுவரைவு செய்யாமல் இன்டரப்ட்டைத் திறந்துவிட்டால் டைமரின் ஐஆர்க்யூ 0, டபுள் ஃபால்ட்டுக்குரிய (ஒரு பிழையைக் கையாளப் போகும்போதே எழும் அடுத்த பிழை) 8-ஆம் வெக்டரில் வந்து இறங்கும் என்பது புதிதாகக் கெர்னல் எழுதுவோர் பலர் மாட்டிக்கொள்ளும் இடம். ஆனால் இன்டரப்ட் குறித்த நேரத்தில் வருவதில்லை. உங்கள் கெர்னலோ ஒவ்வொரு முறையும் ஃபங்ஷன் முடியும் இடத்திலேயே விழுகிறது. ஆகவே எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

ஊகிப்பதை விட்டு, க்யூஎமுவை இன்டரப்ட்டுகளைப் பதிவு செய்யும்படியும் ரீபூட் ஆகாமல் நிற்கும்படியும் இயக்கி, பதிவின் கடைசிப் பகுதியை இங்கே இடுங்கள். அதில் டபுள் ஃபால்ட், கணினியை ரீபூட் செய்யும் ட்ரிபிள் ஃபால்ட் இரண்டும் பின்விளைவுகளே. அவற்றுக்கு முன்னால் முதலாவதாக வந்த எக்ஸெப்ஷன் (பிராசஸர் எழுப்பும் பிழை) எது என்பதுதான் வேண்டும்.

பதில்: இரவுநிரலர்

3எஃப்6-இல் 2 எழுதியும் மாற்றமில்லை. பதிவில் முதலில் வருவது 14, அதாவது பேஜ் ஃபால்ட் (நினைவகப் பேஜ் ஒன்றை அணுக முடியாத பிழை). எரர் கோடு 0, ஈஐபி (இயக்க வேண்டிய கட்டளையின் முகவரி) 0, சிஆர்2-உம் (பிழை தந்த முகவரி) 0. அடுத்து 8, அதன்பின் ட்ரிபிள் ஃபால்ட். இவற்றுக்கான ஐடிடி (எக்ஸெப்ஷன்களையும் இன்டரப்ட்டுகளையும் கையாளும் நிரல்களின் அட்டவணை) பதிவுகளை நான் இன்னும் அமைக்கவில்லை. நல் பாயின்ட்டரைப் பிடிப்பதற்காக நினைவகத்தின் முதல் பேஜை வேண்டுமென்றே மேப் செய்யாமல் விட்டிருக்கிறேன்.

பதில்: ஸ்டாக்வாசி

அந்தப் பேஜை விட்டுவைத்தது நல்லதாயிற்று. இல்லையென்றால் சுழிய முகவரியில் கிடந்ததையெல்லாம் கட்டளையாக எண்ணி இயக்கிவிட்டு, வேறெங்கோ போய் விழுந்திருக்கும்.

ஈஐபியும் சிஆர்2-உம் ஒன்றாக இருந்தால், பிராசஸர் தரவைத் தொடும்போது விழவில்லை, அடுத்த கட்டளையை எடுக்கப் போனபோதே விழுந்தது என்று பொருள். எரர் கோடு 0 என்பதும், பேஜ் இல்லை, எழுதும் முயற்சி அல்ல, கெர்னல் நிலையிலேயே நிகழ்ந்தது என்று அதற்குப் பொருந்தியே சொல்கிறது. ஃபங்ஷன் முடியும் இடத்தில் இது நடப்பதால், ஸ்டாக்கில் (லோக்கல் மாறிகளும் ஃபங்ஷன் திரும்பவேண்டிய முகவரியும் இருக்கும் நினைவகப் பகுதி) இருந்த திரும்பும் முகவரியின் மேல் யாரோ சுழியத்தை எழுதியிருக்கிறார்கள்.

அது யார் என்பதை ஜிடிபி என்னும் பிழைதிருத்தக் கருவி காட்டிவிடும். க்யூஎமுவோடு ஜிடிபியை இணைத்து, பஃபரை வைத்திருக்கும் ஃபங்ஷனின் முதல் கட்டளையிலேயே நிறுத்தி, அப்போது ஈஎஸ்பி (ஸ்டாக்கின் உச்சியைக் காட்டும் ரெஜிஸ்டர்) காட்டும் நான்கு பைட்டுகளுக்கு, அதாவது திரும்பும் முகவரிக்கு, ஒரு வாட்ச்பாயின்ட் (அங்கே எழுதினால் ஓட்டத்தை நிறுத்தும் கண்காணிப்பு) வைத்துவிட்டு ஓடவிடுங்கள். தரவை எடுக்கும் ரெப் இன்ஸ்டபிள்யூ கட்டளையில் போய் நிற்கும் என்பது என் எதிர்பார்ப்பு. அங்கே எண்ணிக்கையை வைத்திருக்கும் ஈசிஎக்ஸ் ரெஜிஸ்டரில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். அந்தக் கட்டளை எண்ணுவது பைட்டுகளை அல்ல, இரண்டு பைட் சொற்களை. ஆகவே ஒரு செக்டருக்கு 256 போதும். 512 கொடுத்திருந்தால், 256 சொற்களோடு டிரைவ் டிஆர்க்யூவை இறக்கிவிட்ட பிறகும் உங்கள் கெர்னல் போர்ட்டைப் படித்துக்கொண்டே இருக்கும். க்யூஎமுவும் ஒரு முணுமுணுப்புமின்றி ஒவ்வொரு முறையும் சுழியத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். குளோபல் மாறிகள் சுழியமானதும் இதனால்தான். நிஜக் கணினியிலும் சுழியமே வரும் என்று எண்ணிவிட வேண்டாம்.

பதில்: இரவுநிரலர்

அதே கட்டளையில்தான் நின்றது. ஈசிஎக்ஸில் 256-க்குச் சற்றுக் குறைவான எண் இருந்தது. எண்ணிக்கையை 256 ஆக்கியதும் கெர்னல் விழுவது நின்றுவிட்டது, மிக்க நன்றி. இப்போது ஒரே கட்டளையில் 8 செக்டர்களைக் கேட்டு, 2048 சொற்களையும் ஒரே மூச்சில் எடுத்தால், முதல் செக்டர் மட்டும் சரியாக இருக்கிறது, மற்றவை பெரும்பாலும் சுழியமாக வருகின்றன. 4096 பைட்டுக்குப் பஃபர் இருக்கிறது.

பதில்: பழையபோர்டு

20 என்னும் கட்டளையில் டிரைவ் ஒவ்வொரு செக்டராகத்தான் தரும். 256 சொற்களை எடுத்ததும் அது மறுபடி பிஎஸ்ஒய் நிலைக்குப் போய், அடுத்த செக்டர் தயாரான பின்பே டிஆர்க்யூவை ஏற்றும். எனவே காத்திருக்கும் சுற்றை ஒவ்வொரு செக்டருக்கும் முன்னால் வையுங்கள். அந்தச் சுற்றுக்குள் பிழையைக் காட்டும் பிட் 0 ஆன ஈஆர்ஆரையும் டிரைவ் பழுதைக் காட்டும் பிட் 5 ஆன டிஎஃப்பையும் சேர்த்துப் பாருங்கள். இல்லையென்றால், படிக்க முடியாத செக்டர் ஒன்று எதிர்ப்பட்டால் கெர்னல் விழாது, ஆனால் வராத டிஆர்க்யூவுக்காக அங்கேயே நின்றுவிடும். கட்டளை எழுதியவுடனும், ஒரு செக்டரை எடுத்து முடித்தவுடனும், ஸ்டேட்டஸ் நிலைபெற டிரைவுக்கு 400 நானோ வினாடி அவகாசம் தர வேண்டும். 3எஃப்6-ஐ நான்கு முறை படித்து அந்த மதிப்புகளைக் கைவிடுவது வழக்கம். க்யூஎமு இந்த அவகாசம் இல்லாவிட்டாலும் பொறுத்துக்கொள்ளும் என்பதால், இதை விட்டுவிட்டது நிஜ டிஸ்கில் ஓட்டும்போதுதான் தெரியவரும்.

செக்டர் எண்ணிக்கை ரெஜிஸ்டர் 8 பிட் கொண்டது. அதில் 0 எழுதினால் 256 செக்டர் என்று பொருள். ஏதோ ஒரு கணக்கில் தவறி அங்கே 0 போய்விட்டால், உங்கள் சுற்று எதையும் எடுக்காமல் முடிந்துவிடும், டிரைவ் டிஆர்க்யூவை ஏற்றியபடியே நிற்கும், அடுத்த கட்டளை குழம்பும். ஆகவே எண்ணிக்கை 0 தானா என்னும் சோதனையை ஃபங்ஷனின் தொடக்கத்திலேயே வைத்துவிடுங்கள். அதற்கும் முன்பாக 8, 13, 14 மூன்றுக்கும் ஐடிடி பதிவுகளை அமைத்து, ஈஐபி, சிஆர்2, எரர் கோடு ஆகியவற்றை அச்சிட்டு நிற்கும்படி செய்துகொள்ளுங்கள்.