உளவியக்க அணுகுமுறையை எவ்வாறு மதிப்பிடுவது?

கேள்வி (உளவியல் மாணவி):
வணக்கம். சிக்மண்ட் ஃபிராய்டு தொடங்கிவைத்த உளவியக்க அணுகுமுறையின் வலுவையும் குறையையும் மதிப்பிட்டுக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். நாம் அறியாமல் இயங்கும் நனவிலி மனத்தையும் குழந்தைப்பருவ அனுபவங்களின் தாக்கத்தையும் கவனத்துக்குக் கொண்டுவந்ததற்காக அதனைப் போற்றும் பாடநூல்களே, அடுத்த பக்கத்தில் அது அறிவியல் அன்று என்கின்றன. இவ்விரண்டையும் ஒரே மதிப்பீட்டில் எப்படிப் பொருத்துவது?

மறுமொழி (ஆய்வு முறையியல் ஆசிரியர்):
'அறிவியல் அன்று' என்பது அறிவியல் தத்துவவாதி கார்ல் பாப்பரின் வாதம். ஒருவர் சினந்தாலும் சினத்தை மறைத்தாலும் இரண்டுக்கும் ஒரே கோட்பாடு விளக்கம் தருமானால், அதைப் பொய்யென்று காட்ட வழியே இராது என்பது அதன் சாரம். ஆனால் தத்துவவாதி அடால்ஃப் குருன்பாம் 1984இல் இதை மறுத்தார். ஃபிராய்டின் கூற்றுகள் பலவற்றைச் சோதிக்க முடியும் என்றும், சிகிச்சையாளரின் கருத்தே நோயாளியின் பேச்சில் கலந்துவிடுவதால் சிகிச்சை அறையிலிருந்து வரும் சான்றை நம்ப இயலாது என்பதே உண்மையான சிக்கல் என்றும் அவர் வாதிட்டார். என் பார்வையில் இதுவே ஆழமான விமர்சனம். 1909இல் வெளியான 'சிறுவன் ஹான்ஸ்' ஆய்வைப் பாருங்கள். குதிரைகளுக்கு அஞ்சிய அந்த ஐந்து வயதுச் சிறுவனைப் பற்றிய தகவல்கள் பெரும்பாலும் ஃபிராய்டின் கருத்துகளில் ஈடுபாடு கொண்டிருந்த தந்தை வழியாகவே வந்தன. சிகிச்சைக் காலத்தில் ஃபிராய்டு சிறுவனை ஒரே முறைதான் நேரில் பார்த்தார்.

மறுமொழி (மருத்துவ உளவியலாளர்):
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் ஃபிராய்டோடு இந்த அணுகுமுறை முடிந்துவிடவில்லை. பெண்களைப் பற்றிய அவருடைய கருத்துகளை அதே மரபைச் சேர்ந்த கேரன் ஹார்னி உள்ளிருந்தே மறுத்தார். ஃபிராய்டு உருவாக்கிய சிகிச்சை முறையான உளப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்ற ஜான் பௌல்பி, குழந்தையின் கற்பனைகளை விட அது உண்மையில் அனுபவிக்கும் பிரிவுகளுக்கே முதன்மை தந்து, குழந்தைக்கும் அதைப் பராமரிப்பவருக்கும் உள்ள பிணைப்பை விளக்கும் பற்றுக் கோட்பாட்டை அமைத்தார். மேரி ஐன்ஸ்வொர்த் அதை நேரடி உற்றுநோக்கலால் ஆராயத்தக்கதாக்கினார்.

சிகிச்சையின் பயனைத் தனியே எடைபோடுங்கள். குறைந்தது இரண்டு சிகிச்சைகளில் குணமடையாத மனச்சோர்வாளர்கள் 129 பேரைக் கொண்டு லண்டன் டாவிஸ்டாக் மனநல மையத்தில் நடந்த ஆய்வு 2015இல் வெளியானது. 18 மாத உளப்பகுப்பாய்வுச் சிகிச்சை முடிந்து இரண்டாண்டுகள் கழித்து, அதைப் பெற்றவர்களில் 44 விழுக்காட்டினர் பெருமனச்சோர்வுக்கான வரையறைக்குள் வரவில்லை. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் இது 10 விழுக்காடு. முழுமையாகக் குணமடைந்தவர்கள் இரு குழுக்களிலும் குறைவே என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். மேலும், சிகிச்சை பயனளித்ததாலேயே ஈடிபஸ் சிக்கல் (சிறுவன் தாயை விரும்பித் தந்தையைப் போட்டியாளராகக் காண்கிறான்) என்ற ஃபிராய்டின் கருத்து மெய்யாகிவிடாது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால், ஒடுக்கப்பட்ட நினைவுகள் (மனம் நனவிலிக்குள் தள்ளி மறைத்துவிட்ட வேதனை நினைவுகள்) பற்றிய கருத்தை எந்தப் பக்கத்தில் வைப்பது?

மறுமொழி (நினைவாற்றல் ஆய்வு மாணவர்):
குறைகளின் பக்கத்தில், அதுவும் அழுத்தமாக. எலிசபெத் லாஃப்டஸும் ஜாக்குலின் பிக்ரெலும் 1995இல் வெளியிட்ட சிறிய ஆய்வில், சிறுவயதில் கடைத்தொகுதியில் தொலைந்துபோனதாகச் சொல்லப்பட்ட பொய்ச் செய்தியைப் பங்கேற்றவர்களில் ஏறத்தாழக் கால்பங்கினர் முழுமையாகவோ பகுதியாகவோ தம் நினைவாகவே ஏற்றுக்கொண்டார்கள். குருன்பாம் தத்துவ நிலையில் எழுப்பிய ஐயத்துக்கு இது சோதனை வழியே வலுச் சேர்க்கிறது. ஆகவே 'மீட்கப்பட்ட' நினைவு ஒன்றைத் தனிச் சான்று இல்லாமல் நடந்த நிகழ்ச்சியாகக் கொள்ளக் கூடாது. இதனால் நனவிலிச் செயல்பாடு என்ற பொதுக் கருத்து தகர்ந்துவிடாது. நாம் அறியாமலே நினைவு நம் நடத்தையைப் பாதிப்பதை மறதி நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகள் தெளிவாகவே காட்டியுள்ளன.