புதுப்பிப்பு: மோட்டார்ஹோம் பேட்டரிகளை மாற்றியாயிற்று

எங்கள் மோட்டார்ஹோமில் (தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) விளக்குகளையும் தண்ணீர் பம்பையும் குளிர்சாதனப் பெட்டியையும் இயக்கிவந்த இரண்டு 6 வோல்ட் கோல்ஃப் வண்டி பேட்டரிகள் தேய்ந்துபோனதால், அதே ஈய-அமில வகையை மீண்டும் வாங்குவதா, லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக்கு மாறுவதா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். இப்போது 100 ஆம்பியர்-மணி (சேமிக்கும் மின்சாரத்தின் அளவு) கொண்ட லித்தியம் பேட்டரிகள் இரண்டை இணையாகப் பொருத்தியுள்ளேன்.

பழைய ஜோடியின் கொள்ளளவு 220 ஆம்பியர்-மணி என்றாலும், ஆயுள் குறையாதிருக்க அதில் பாதியையே பயன்படுத்த முடிந்தது. புதியவற்றில் 160 வரை தயக்கமின்றி எடுக்கலாம். எடையும் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்துக் குளிர்தான். உறைநிலைக்குக் கீழே மின்னேற்றினால் எதிர்மின்முனையில் லித்தியம் உலோகமாகப் படிந்து, பேட்டரி நிரந்தரமாகச் சேதமடையும் என்பதால், உள்ளேயே சூடேற்றி அமைந்த வகையைத் தேர்ந்தெடுத்து, வெளிப்பெட்டியில் வைக்காமல் கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.

லித்தியத்தின் உள்மின்தடை மிகக் குறைவு என்பதால், அது எஞ்சினோடு ஓடி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து அளவுக்கு மீறி மின்னோட்டத்தை இழுத்து அதைச் சூடாக்கிவிடக்கூடும்; அதைத் தடுக்க மின்னோட்டத்தை 30 ஆம்பியருக்குள் கட்டுப்படுத்தும் டிசி-டிசி சார்ஜர் ஒன்றையும் சேர்க்க வேண்டியிருந்தது. வெளி மின் இணைப்பிலிருந்து பேட்டரியை மின்னேற்றும் பழைய கன்வெர்ட்டரையும் 14.4 வோல்ட் தரக்கூடியதாக மாற்றினேன். இவ்விரு செலவுகளையும் முதலில் நான் கணக்கில் எடுக்கவில்லை. மாற நினைப்பவர்கள் தயவுசெய்து இவற்றையும் சேர்த்தே ஒப்பிடுங்கள். மின் இணைப்புள்ள முகாம்களில் மட்டும் தங்குவோருக்கு ஈய-அமிலமே போதும் என்பது என் கருத்து.