மறு: அல்ட்ரா ப்ராசஸ்ட் ஃபுட் – ‘மீப்பதன உணவு’ வேண்டாமே

எல்லாருக்கும் வணக்கம்,

நாலு நாளா இந்த இழைய படிச்சிட்டுதான் இருக்கேன், நடுவுல புகுந்து குட்டைய குழப்ப வேணாம்னு சும்மா இருந்தேன், ஆனா அல்ட்ரா ப்ராசஸ்ட் ஃபுட்டுக்கு (பிஸ்கட், கோலா மாதிரி ஆலைல கோத்து எடுக்குற சாப்பாடு) தமிழ்ல ‘மீப்பதன உணவு’ன்னே முடிவு பண்ணி நம்ம கலைச்சொல் பட்டியல்ல ஏத்திடலாம்னு நேத்து மெயில் வந்ததும் கை சும்மா இருக்கல.

> அல்ட்ரா = மீ, ப்ராசஸிங் = பதனம். மீயொலி இருக்கிறப்ப மீப்பதனம் இருந்தா என்ன?

ஐயா, ‘மீ’ல எனக்கு சண்டை இல்ல. (அல்ட்ராவுக்கு எல்லா எடத்துலயும் நாம மீ போடுறதும் இல்ல, அல்ட்ரா வயலட்டுக்கு புறஊதான்னுதான சொல்றோம், அது கெடக்கட்டும்.) என் சண்டை ‘பதம்’கிற சொல்லோட. தமிழ்ல பதம்னா நல்லது. பாகு கம்பிப்பதம் வந்துச்சா, மாவு பதமா இருக்கா, ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம், எல்லாமே சரியான அளவுல வந்து நிக்கிறதத்தான் சொல்லுது. அத தாண்டிப்போனா எங்கம்மா ‘பதம் தப்பிடுச்சு’ம்பாங்க, ‘பதம் கூடிடுச்சு’ன்னு கூட சொல்லமாட்டாங்க. அப்ப மீப்பதன உணவுன்னு கேக்குறவருக்கு என்ன தோணும், யாரோ ரொம்ப பக்குவமா ஆக்கி எறக்குனதுன்னுதான். பதனம்னு நீட்டுனா இன்னும் மோசம், நான் ஆம்பூர்க்காரன், எங்க பக்கம் பதனிடுறதுன்னா தோலத்தான்.

சரி, பொருளாச்சும் பொருந்துதான்னு பாத்தா அதுவும் இல்ல. அல்ட்ரா ப்ராசஸ்ட்ங்கிற சொல்ல இன்னிக்கு எல்லாரும் புழங்குறதுக்கு காரணமே பிரேசில் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்துல கார்லோஸ் மொன்டேரோ குழு 2009 வாக்குல கொண்டுவந்த நோவா பிரிப்புதான், சாப்பாட்ட எப்படி, எவ்வளவு ப்ராசஸ் பண்றாங்கன்னு வெச்சு வகை பிரிக்கிறது. அதுல நாலு கூறு. மொதல்ல அரிசி பருப்பு காய் பால் முட்டை. ரெண்டாவது சமைக்க சேக்குற எண்ணெய், உப்பு, சர்க்கரை. மூணாவது, மொத ரெண்டையும் சேத்து கெடாம வெக்கிறது, நம்ம ஊறுகா கருவாடு எல்லாம் இங்கதான் வரும். பதப்படுத்துறதுங்கிற சொல் இந்த மூணாவதுக்கு கனகச்சிதமா பொருந்தும், பதநீர்லயே இருக்கே அந்த வார்த்தை, சுண்ணாம்பு தடவுன கலயத்துல எறக்குறதாலதான அது கள்ளா புளிக்காம நிக்குது.

நாலாவது கூறுதான் நாம பேர் தேடுற அல்ட்ரா ப்ராசஸ்ட் ஃபுட், அது இந்த மூணாவதோட அண்ணன் இல்ல, வேற வீட்டுப்புள்ள. நான் ஒரு பிஸ்கட் கம்பெனில க்யூ.சி.ல (தரக்கட்டுப்பாடு) நாலு வருஷம் இருந்தவன். அங்க கோதுமையே வராது, மைதாவா வரும், கரும்போ வெல்லமோ கெடையாது, சர்க்கரை மூட்டையும் இன்வர்ட் சிரப் ட்ரம்மும், கூட பாமாயில், எண்ணெயும் தண்ணியும் பிரியாம இருக்க லெசிதின், உப்புறதுக்கு அமோனியம் பைகார்பனேட், கடைசியா ஒரு சின்ன கேன்ல வெண்ணெய் வாசனை, வெண்ணெய் இல்ல, வாசனை. எது எத்தன கிலோன்னு ஃபார்முலேஷன் ஷீட் சொல்லும், அத பாத்து மிக்ஸர்ல கொட்டுவாங்க. அதாவது விளைஞ்ச பொருள மொதல்ல மாவுச்சத்து தனியா, புரதம் தனியா, கொழுப்பு தனியான்னு பிரிச்செடுத்து அப்புறம் வேற உருவத்துல திரும்ப கோக்குறது. எவ்வளவு அதிகமா பதப்படுத்துனாலும் ஊறுகா கோலா ஆயிடாது. ‘அல்ட்ரா’ங்கிற இங்கிலீஷ் வார்த்தையே கொஞ்சம் ஏமாத்துதுங்கிறது என் எண்ணம், நாம அந்த ஏமாத்தையும் சேத்து மொழிபெயர்க்கணுமா?

> உப்பு சர்க்கரை கொழுப்பு மிகுந்த உணவுன்னு ஏற்கனவே இருக்கே, அதையே வெச்சுக்கலாமே.

கூடாதுங்க. ஐசிஎம்ஆரும் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024ல விட்ட 17 உணவு வழிகாட்டுதல்ல உப்பு சர்க்கரை கொழுப்பு மிகுந்த உணவையும் அல்ட்ரா ப்ராசஸ்ட் உணவையும் பக்கத்துல பக்கத்துல, ஆனா தனித்தனியா சொல்லித்தான் குறைச்சுக்க சொல்றாங்க. காரணம் இருக்கு. 2019ல அமெரிக்காவுல கெவின் ஹால் குழு 20 பேர ஆராய்ச்சி மையத்துலயே தங்கவெச்சு ரெண்டு வாரம் அல்ட்ரா ப்ராசஸ்ட் சாப்பாடு, ரெண்டு வாரம் சாதா சாப்பாடு குடுத்தாங்க, தட்டுல வெச்ச கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார் எல்லாம் ரெண்டுலயும் ஏறக்குறைய ஒண்ணு, வேணுங்கிறத சாப்பிடுங்கன்னு விட்டா அல்ட்ரா ப்ராசஸ்ட் வகையில ஒரு நாளைக்கு சுமார் 500 கலோரி கூடுதலா உள்ள போயிருக்கு. அப்ப உப்பு சர்க்கரைக்கு அப்பால வேற ஏதோ இருக்குன்னுதான அர்த்தம், பேரும் வேறயாத்தான் இருக்கணும்.

என் பரிந்துரை புனையுணவு.

புனைதல்னா கட்டுறது, கோக்குறது, உருவாக்குறது. புனைகதை புனைபெயர் மாதிரி வினைத்தொகை, ஊறுகாய் எந்த அச்சோ அதே அச்சு. ‘கூட்டுணவு’ம் யோசிச்சேன், பெருங்காய டப்பாவுல கூட்டுப் பெருங்காயம்னு போட்டிருப்பாங்கல்ல, கோந்தும் மாவும் சேத்ததுன்னு, அருமையான சொல்தான், ஆனா கூட்டுணவுன்னா நமக்கு புடலங்கா கூட்டுதான் கண்ணுல வரும். ஆலையுணவும் சரிப்படாது, ரைஸ் மில்லும் ஆலைதான்.

அப்புறம், நஞ்சுணவு குப்பையுணவுன்னெல்லாம் ரெண்டு பேர் எழுதியிருந்தீங்க. கொழந்தைங்களுக்கான டின் பால் பவுடரும் நோவால இதே நாலாவது கூறுதான். தாய்ப்பால் இல்லாம அத கரைச்சு குடுக்குற வீட்ல போய் நஞ்சுன்னு சொல்லுவீங்களா? கலைச்சொல் திட்டக்கூடாது.

– – –

தம்பி, விளக்கம் நல்லாருக்கு. ஆனா நான் டயட்டீஷியன், ஆஸ்பத்திரி ஓபில நோயாளிங்ககிட்ட தெனமும் பேசுறவ. புனையுணவுன்னா ‘பொய்யான சாப்பாடா, கலப்படமா’ன்னு கேப்பாங்க. அவங்களே ‘பாக்கெட் ஐட்டம்’னு ஒரு பேர் வெச்சிருக்காங்க, ‘பாக்கெட் ஐட்டம் விட்டுட்டேன் மேடம்’னு சொல்றாங்க, எனக்கும் புரியுது அவங்களுக்கும் புரியுது. அத விட்டுட்டு நாம எதுக்கு புனையணும்?

– – –

அக்கா, ஓபிக்கு பாக்கெட் ஐட்டம் சரி, அதுல நான் கை வெக்கல. ஆனா பாலும் பாக்கெட்லதான் வருது, ரவையும் பாக்கெட்லதான் வருது, அது ரெண்டும் மொத கூறு. இன்னொரு பக்கம் பேக்கரி கண்ணாடி அலமாரில பாக்கெட்டே இல்லாம உக்காந்திருக்கிற க்ரீம் கேக்குல கேக் ஜெல்லும் வனஸ்பதியும் எசென்ஸும் இருக்கு. உங்ககிட்ட ‘விட்டுட்டேன்’னு சொன்னவர் வெளிய போய் அத வாங்கி சாப்பிட்டா நீங்க ஒண்ணும் கேக்க முடியாது, அவர் சொன்ன சொல்ல காப்பாத்திட்டாரே.

கலப்படம்னு நெனப்பாங்கங்கிறது நியாயமான பயம்தான், அத ஒத்துக்குறேன். கலப்படம் குற்றம், இது லைசென்ஸோட லேபிள்ல ஐஎன்எஸ் நம்பர் (உணவுல சேக்குற பொருளுக்கான எண்) போட்டு விக்கிறது. அந்த வித்தியாசத்த விளக்கக் குறிப்புல ஒரு வரி சேத்துடலாம். பட்டியல்ல ‘புனையுணவு’, பேச்சுவழக்குன்னு பக்கத்துல ‘பாக்கெட் ஐட்டம்’, ரெண்டும் இருக்கட்டுமே, சம்மதமா?

எனக்கு இன்னும் தீராதது மிக்சர்தான். வீட்ல பண்ணா மூணாவது கூறு, அதையே மசாலா ஃப்ளேவரும் ஐஎன்எஸ் 635ங்கிற சுவைகூட்டியும் போட்டு காத்தடிச்ச கவர்ல குடுத்தா நாலாவது. ‘புனைமிக்சர்’னு சொல்லலாமான்னு வீட்ல கேட்டேன், முறைச்சாங்க.