குடியுரிமை இல்லாமலே ஓட்டு: போட்டவங்க, போட முடியாமப் போனவங்க அனுபவம் சொல்லுங்க

நோர்வூட்காரன்
2025 செப்டம்பர்ல ஆக்லாந்துல இருக்கிற சின்னம்மா மக வாட்ஸ்அப்புல ஒரு படம் அனுப்பியிருந்தா. உள்ளூராட்சித் தேர்தல் வாக்குச்சீட்டு, தபால்ல வீட்டுக்கே வந்திருக்கு. அவ கையில இன்னும் இலங்கை பாஸ்போர்ட்தான், அங்க வதிவிட விசா மட்டும். "எப்படிம்மா?"ன்னு கேட்டேன். "ஒரு வருஷம் தொடர்ந்து இருந்திருந்தாப் போதும்ணே, பார்லிமென்டுக்கும் போடலாம். தேர்தல்ல நிக்கத்தான் ஏலாது"ன்னா. 1975லிருந்தே அங்க அப்படித்தானாம்.

எனக்குத் தாத்தா ஞாபகம் வந்திருச்சு. அவரு இங்க மலையகத்துல தோட்டத் தொழிலாளி, 1947 தேர்தல்ல புள்ளடி போட்டு ஓட்டளிச்சவரு. அந்தத் தேர்தல்ல நம்ம தோட்டத்து ஆளுங்க கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனம் எடுத்துச்சு. அடுத்த வருஷமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர்ல பெரும்பாலானவங்களைப் பிரஜை இல்லன்னு ஆக்கிருச்சு; 1949ல தேர்தல் சட்டத் திருத்தம் ஓட்டையும் எடுத்திருச்சு. 1952ல வாக்காளர் இடாப்புல அவரு பேர் இல்ல. அதே லயம் (தோட்டத்து வரிசை வீடு), அதே மலை, அதே பேர். "தோட்டத்து வேலைக்கணக்குச் செக்ரோல்ல என் பேர் இருந்துச்சுடா, இடாப்புல மட்டும் இல்ல"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்வாரு. எங்களுக்குச் சிரிப்பு வராது.

பலருக்குத் தெரியாத சங்கதி ஒண்ணு. வெள்ளைக்காரன் ஆட்சியில 1931ல டொனமூர் அரசியலமைப்பு வந்தப்போ, அஞ்சு வருஷம் இங்க இருந்து, நிரந்தரமாக் குடியிருக்கேன்னு சான்றிதழ் எடுத்தவங்களும் சட்டசபைக்கு ஓட்டுப் போடலாம்னு இருந்துச்சு. ஆனா 1937ல கிராமச் சங்கத் தேர்தல்ல தோட்டத் தொழிலாளிக்கு ஓட்டு இல்லன்னு ஆக்கிட்டாங்க. மத்த நாடுகள்ல வெளியிலிருந்து வந்தவனுக்கு ஊர் ஓட்டைத்தான் முதல்ல குடுக்கிறான். நம்மகிட்ட அதைத்தான் முதல்ல புடுங்கினாங்க.

ஒஸ்லோவிலிருந்து
அண்ணே, நான் பொகவந்தலாவை. இங்க மூணு வருஷம் பதிவா இருந்தா மாநகர சபைக்கு ஓட்டு உண்டு, 1983லிருந்து. 2019ல நான் போட்டேன். பார்லிமென்டுக்குப் போடணும்னா மட்டும் பிரஜாவுரிமை வேணும். பிள்ளையோட பாலர் பள்ளி, பள்ளிக்கூடம் எல்லாம் சபை கையிலதான், அதனால எனக்கு இந்த ஓட்டுத்தான் பெருசு. தேர்தல் நேரம் தெருவில கட்சிக்காரங்க என்னை நிறுத்தி, ரோசாப்பூ குடுத்து, நோட்டீசையும் நீட்டினாங்க. நம்ம பக்கம் தகரமும் தண்ணித் தாங்கியும் குடுப்பாங்க, அது வேற கதை!

அக்கரபத்தனை
ஓட்டு வந்தா எல்லாம் வந்துரும்னு நினைக்காதீங்க. எங்கம்மாவுக்கு 1988 சட்டத்துலதான் பிரஜாவுரிமை கிடைச்சுச்சு. பிரதேச சபைக்குப் போய்ப் புள்ளடியும் போட்டாங்க. ஆனா மழை பெஞ்சா லயத்துக்கு ஆட்டோ ஏறாது. ரோட்டைப் போடச் சொல்லி உறுப்பினர்கிட்ட கேட்டா, "அக்கா, அது தோட்டத்துக் காணி, சபைக் காசைப் போட ஏலாது"ன்னாரு. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், 33ஆம் பிரிவு குறுக்க நின்னுச்சு. அதைத் திருத்தினது 2018ல. அதே வருஷம்தான் எங்களுக்குத் தனியா அக்கரபத்தனை பிரதேச சபைக்கும் முதல் தேர்தல் நடந்துச்சு. அந்த ரோட்டுல பாதிக்கு இப்ப கொங்கிரீட் போட்டிருக்கு. மீதியைக் கேட்டா, "அடுத்த பட்ஜெட்"டாம்.

எல்ல பக்கம்
நான் ஒரு வம்பைக் கிளப்புறேன். எங்க ஊருல விசா எடுத்துட்டு வருஷக்கணக்கா இருக்கிற வெள்ளைக்காரங்க இருக்காங்க. குப்பை, தண்ணி எல்லாம் அவங்களுக்கும் பிரச்சினைதான். பிரதேச சபைக்கு ஓட்டுக் கேட்டா நாம குடுப்போமா?

நோர்வூட்காரன்
தம்பி, நல்லாத்தான் மாட்டிவிடுறீங்க. என்னைக் கேட்டா, அஞ்சு வருஷம் இருந்தா சபை ஓட்டு மட்டும் குடுக்கலாம். எங்க வீட்டுல மாமா இதைக் கேட்டதும் தேத்தண்ணிக் கோப்பையை வச்சிட்டு எந்திரிச்சாரு. "காசு உள்ளவன் ஓட்டோட வந்தா, அப்புறம் காணி யாருகிட்ட மிஞ்சும்?"னாரு. அவரு பயத்துலயும் நியாயம் இருக்கு. காணி விக்கிறதும் வாங்கிறதும் வேற சட்டம்னு சொல்லிப் பார்த்தேன், ஏத்துக்கல. மத்தவங்க என்ன சொல்றீங்க?