பக்கத்துத் தோட்டம் மனையாகிறது, எங்கள் பின்வாசல் பாதையும் தண்ணீர்க் காலும் என்ன ஆகும்?

பின்கட்டு ஆச்சி:
எங்கள் வீடு பள்ளத்தூர்ப் பக்கம். பின்கட்டை ஒட்டியுள்ள 60 சென்ட் தோட்டம் பங்காளி வீட்டுப் பங்கு. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பதால் விற்றுவிட்டார்கள். வாங்கியவர் புளியமரத்தை வெட்டி, நடுவில் ரோடு விட்டு, மஞ்சள் பெயின்ட் அடித்த கல்லாக நட்டு வைத்திருக்கிறார்.

விற்கட்டும், அவர்கள் சொத்து. ஆனால் எங்கள் பின்வாசலுக்கு வண்டி வர அந்தத் தோட்டத்து மேற்கு ஓரம்தான் வழி. மாமியார் வாழ்க்கைப்பட்டு வந்த காலத்தில் விறகு வண்டி, நெல் வண்டி; இப்போது கேஸ் சிலிண்டர். அப்புறம், எங்கள் வளவில் விழும் மழைத்தண்ணீர் முழுக்க அதே ஓரத்துக் காலில் ஓடித்தான் ஊரணிக்குப் போகும். ஐப்பசியில் வந்து பார்த்தால் தெரியும் அதன் வேகம். அந்தக் காலுக்குள்ளேயே ஒரு கல் நிற்கிறது! கேட்டால், "அப்ரூவல் வாங்கியாச்சு ஆச்சி, இனி யாரும் ஒண்ணும் கேட்க முடியாது" என்கிறது சைட்டில் நிற்கும் பையன். உண்மையா? பக்கத்துக்காரர் கையெழுத்து வேண்டாமா?

பழைய சர்வேயர்:
கையெழுத்து வேண்டாம் ஆச்சி. தன் நிலத்தைப் பிரித்து விற்க அவருக்கு உரிமை உண்டு. ஆனால் அப்ரூவல் என்பது மனைப்பிரிவுக்குக் கொடுத்த அனுமதி மட்டும்தான். உங்களுக்குப் பாதை பாத்தியம், அதாவது அந்த வழியாகப் போகும் உரிமை, இருந்தால் அதை அது அழிக்காது.

முதலில் புலப்படம் (FMB, சர்வே எண்ணுக்கான அளவு வரைபடம்) எடுங்கள், இணையத்திலேயே கிடைக்கும். கால் தனி உட்பிரிவாகக் காட்டியிருந்தால் 'அ' பதிவேட்டை (நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் வருவாய்த்துறைப் பதிவு) பாருங்கள். வாய்க்கால் புறம்போக்கு என்று இருந்தால் அதை மனையில் சேர்க்கவே முடியாது; தாசில்தாருக்கும் பேரூராட்சிக்கும் மனு கொடுங்கள். பட்டா நிலத்துக்குள் ஓடுகிற கால் என்றால் கோர்ட் விஷயம். எல்லையை அளந்து காட்டச் சொல்லும் அத்துமால் மனுவும் போட்டுவிடுங்கள். அளக்கிற அன்று கூடவே நில்லுங்கள். மஞ்சள் கல் அவர் நட்டது, சர்வே கல் ஆகாது.

கோட்டையூர்க்காரன்:
அப்ரூவல் வரைபடத்தை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை போலிருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி நகல் கேளுங்கள். 60 சென்ட் என்பது 3000 சதுர மீட்டருக்குக் கீழே, அதனால் பூங்காவுக்கு இடம் விடச் சொல்ல முடியாது. ஆனால் உள்ளே போடும் ரோட்டை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். எழுதிவிட்டால் அது ஊர் ரோடு, உங்கள் சுவரைத் தொட்டால் உங்களுக்கும் வழிதான். இங்கேதான் வித்தை காட்டுவார்கள்: ரோட்டு முனைக்கும் உங்கள் சுவருக்கும் நடுவில் ஓரடிப் பட்டையை மட்டும் தன் பேரில் வைத்துக்கொள்வார்கள். எங்கள் தெருவில் அப்படி ஒன்று இருக்கிறது, அந்த ஓரடிக்கு அவர் சொன்ன விலையைக் கேட்டால் சிரிப்பு வரும்.

பின்கட்டு ஆச்சி:
பெட்டகத்திலிருந்து 1958 பாகப்பிரிவினைப் பத்திரம் எடுத்தேன். எங்கள் பங்குக்கு "மேற்படி தோட்டத்தின் மேலோரம் மாமூல் வண்டிப்பாதை பாத்தியம் உள்பட" என்று இருக்கிறது. தண்ணீர்க் காலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

தேவகோட்டை வக்கீல்:
பாதைக்கு அந்த வரி போதும். எழுத்தில் கிடைத்த பாத்தியத்துக்கு அனுபவத்தை, அதாவது இத்தனை வருஷம் பயன்படுத்தியதை, நிரூபிக்கும் வேலை இல்லை. நிலம் கை மாறினாலும் அது கூடவே போகும். கால்தான் சிக்கல். 1882 வசதியுரிமைச் சட்டத்தின் 15-வது பிரிவுப்படி 20 வருஷம் தடையில்லாமல், உரிமையாக அனுபவித்திருக்க வேண்டும். அந்த அனுபவம் வழக்குப் போடுவதற்கு முந்தைய 2 வருஷத்துக்குள் வரை தொடர்ந்திருக்கவும் வேண்டும். அதனால் அடைத்த பிறகு பேசிப் பேசி வருஷத்தை ஓட்டாதீர்கள். தோட்டமும் வீடும் ஒரே பத்திரத்தில் பிரிந்தவை என்பதால், பிரியும் முன் இருந்த வசதி பிறகும் தொடர்வதைப் பற்றிய 13-வது பிரிவும் உங்களுக்குக் கைகொடுக்கலாம்.

இப்போதே வக்கீல் நோட்டீஸ் விடுங்கள், பதில் சரியில்லை என்றால் முன்சீப் கோர்ட்டில் தடையுத்தரவு கேளுங்கள். மனைகள் விற்கும் முன்பே செய்தால் எதிர்வாதி ஒருவர். விற்றபிறகு என்றால் வாங்கிய ஒவ்வொருவரையும் சேர்க்க வேண்டிவரும், அதில் பாதிப் பேர் வெளிநாட்டில் இருப்பார்கள்.