டவுன்ஹில் ஓட பேட் வச்ச உள்ஷார்ட்ஸ் எது நல்லது? அவசரம்

ரொறொன்ரோச்சில்லு | வியாழன், இரவு 9:12

வணக்கம். மலைச் சரிவில சைக்கிளில டவுன்ஹில் ஓடேக்க உள்ளுக்குப் போடுற பேட் வச்ச ஷார்ட்ஸ் ஒண்டு வேணும். இப்ப இருக்கிறது சரியில்லை, பேட் நிக்க வேண்டிய இடத்தில நிக்குதில்லை. அடுத்த கிழமை கனடாவில விஸ்லர் மலைச் சைக்கிள் பார்க்குக்குப் போறம். எது வாங்கலாம் எண்டு கெதியாச் சொல்லுங்கோ. நன்றி.

நெடுந்தூரக்காரன் | 9:31

ஜெல் வச்சது வாங்காதீங்க நண்பா, ரெண்டு மணி நேரத்துல சூடேறிடும். அடர்த்தியான ஃபோம் வச்ச ஷாமி (உட்கார்ற இடத்துக்கான பேட்) பாருங்க, உட்காரும் எலும்பு ரெண்டுக்கும் நேரா தடிமன் இருக்கணும். கீழ ஜட்டி போடக் கூடாது, தோலோட நேரா ஒட்டி இருக்கணும். பேட் நகருதுன்னா ஒரு சைஸ் பெரிசா வாங்கிட்டீங்க, அவ்வளவுதான்.

குன்னூர்கியர் | 9:40

அவர் கேக்கறது அது இல்லைங்கண்ணா. உக்கார்றதுக்கு இருக்கற பேட் வேற, விழுந்தா காப்பாத்தற பேட் வேற. கடையில ரெண்டையும் "பேடட் ஷார்ட்ஸ்"னே விக்கறாங்க, குழப்பமே அங்கதான் ஆரம்பிக்குது. டவுன்ஹில்ல சீட்டை முழுசா இறக்கிட்டு பெடல் மேல நின்னுதான் இறங்குவாங்க. விஸ்லர்ல ஏத்தத்துக்கு லிஃப்ட் இருக்கு. அங்க ஷாமிக்கு வேலை ரொம்பக் கம்மிங்க.

சில்லு, கொஞ்சம் விவரம் போடுங்க. இடுப்பளவு, தொடை அளவு என்ன? பேட் தனியா கழட்டறதா, துணியோட தச்சதா? நகருதுன்னா முன்னாடி வருதா, பின்னாடி போகுதா, மேல ஏறுதா? முதல்ல இருந்தே இப்படியா, இல்ல இப்பதானா?

சரிவுமானி | 10:05

அளவும் இல்லை, பேட் வகையும் இல்லை, "எது வாங்கலாம்" என்று மட்டும் ஒரு வரி. இப்படிக் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. அடிப்படையையாவது தெரிந்துகொள்ளுங்கள். பேட்டை வெளியே எடுத்து, அதில் பொறித்திருப்பதைப் படியுங்கள். மோட்டார் சைக்கிள் கவசங்களுக்கான ஐரோப்பிய விதியின் எண்ணான இஎன் 1621-1 அதில் இருக்க வேண்டும். பக்கத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர் படம் இருக்கும், அதனுள் உடல் பகுதியைக் காட்டும் எழுத்து. இடுப்புக்கு 'ஹெச்'. முட்டிக்கான 'கே' பேட்டை இடுப்புப் பையில் திணித்துவிட்டுச் சான்று இருக்கிறது என்று நினைப்பவர்களும் உண்டு. எழுத்தோடு 'ஏ' அல்லது 'பி' இருக்கும், 'பி' கூடுதல் பரப்பை மூடும். பிறகு நிலை: 1 அல்லது 2. சோதனையில் 5 கிலோ எடையை 50 ஜூல் ஆற்றலோடு பேட் மேல் விழ வைத்து, அடியில் எவ்வளவு விசை கடக்கிறது என்று அளப்பார்கள். சராசரி 35 கிலோநியூட்டனுக்குள் இருந்தால் நிலை 1, 20-க்குள் இருந்தால் நிலை 2. நிலை 2 தவிர வேறு எதையும் வாங்காதீர்கள். வெறும் சிஇ குறியை (ஐரோப்பியச் சந்தையில் விற்பதற்கான முத்திரை) மட்டும் காட்டி விற்பவரிடம் போகவே வேண்டாம், இந்த எண் இல்லாத சிஇ குறியால் பேட் அடியைத் தாங்கும் என்று அர்த்தமில்லை.

ரொறொன்ரோச்சில்லு | 10:22

இடுப்பு 32. தொடை அளக்கேல்லை. பேட் கழட்டுறது தான். பின்னுக்குப் போகுது. போன மாசம் ஒரு வளைவில முன்சில்லு வழுக்கி விழுந்து இடப்பக்கம் நல்லாக் கண்டிட்டுது. பேட்டில அந்த நம்பர் இருக்கு, நிலை 1. விஸ்லரில பி-லைன், கிராங்க் இட் அப் எண்ட பாதைகள்தான் ஓடுவம், ஏ-லைன் கடைசி நாள் பாப்பம்.

கவசப்பிரியன் | 10:37

ஃபோமை நம்பாதீங்க ப்ரோ. ஹார்ட் ஷெல் எடுங்க. வெளியில பிளாஸ்டிக் தகடு, உள்ள ஃபோம். விழுந்தா தகடு வழுக்கிட்டுப் போகும், கல்லு குத்தினாலும் அடி பரவிடும். ஃபோம் மண்ணைக் கவ்வி நின்னுடும், அப்பதான் தோலும் தசையும் பிய்யும்.

குன்னூர்கியர் | 10:51

உள்ள போடற ஷார்ட்ஸ்ல தகடு வழுக்காதுங்க. மண்ணுல உரசப் போறது மேல போட்ட பேண்ட் துணிதான், தகடு இல்ல. வழுக்கற லாபம் துணிக்கு வெளிய போடற முட்டி, முதுகுக் கவசத்துலதான். உள்ள தகடு வச்சா குனியறப்ப ஓரம் குத்தும், லிஃப்ட் நாற்காலில உக்காந்தாலும் குத்தும். கூரான கல்லுக்கு அடி பரவும்னு சொன்னது மட்டும் நியாயம். ஆனா விஸ்லர்ல அவர் சொன்ன பி-லைன், கிராங்க் இட் அப் ரெண்டும் இறுகின மண் பாதை, அங்க அடி தட்டையா விழும்.

இன்னொண்ணுங்க, பேண்ட் பாக்கெட்ல போன், சாவி, மல்டி டூல் எதுவும் வைக்காதீங்க. பேட்டுக்கு மேல போன் இருந்தா அத்தனை அடியும் அந்தச் சதுரத்துக்குள்ள இறங்கும். எவ்வளவு நல்ல பேட்டும் அப்ப உதவாது.

ஊசிநூல் அக்கா | 11:14

தம்பி, "இடுப்பு 32"ன்னா எந்த இடுப்பு? பெல்ட் கட்டற இடமா, அதுக்குக் கீழ பிட்டம் அகலமா இருக்கற இடமா? நம்ம ரெண்டையும் இடுப்புன்னுதான் சொல்றோம், ஆனா சைஸ் அட்டவணைல ரெண்டும் தனித்தனி வரி. கவச ஷார்ட்ஸுக்கு ரெண்டாவதுதான் முக்கியம், பேட் உட்கார்றது அங்கதானே. கண்ணாடி முன்னால நின்னு, ரெண்டு காலையும் சேர்த்து வச்சு, அகலமான இடத்துல டேப்பைத் தரைக்குச் சமமா சுத்துங்க. தொடையைக் கவட்டுக்கு ரெண்டு விரல் கீழ அளங்க. ரெண்டு அளவு ரெண்டு சைஸைக் காட்டினா, பிட்டத்து அளவைப் பிடிச்சுக்கோங்க. தொடை ரொம்ப இறுக்கமா இருந்தா கீழ்ப்பட்டி சுருண்டு மேல ஏறும், அது பேட்டையும் இழுத்துட்டுப் போகும்.

இப்ப இருக்கற ஷார்ட்ஸைத் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி ஒரு சோதனை செய்யுங்க. நேரா நின்னு, உள்ளங்கையை இடுப்புப் பக்கவாட்டுல வச்சுக்கிட்டு, கால் நுனியை உள்ளேயும் வெளியேயும் திருப்புங்க. கைக்குக் கீழ ஒரு எலும்பு மொட்டு உருளும். தொடை எலும்போட மேல்முனைப் புடைப்பு அது, பக்கவாட்டா விழுந்தா முதல்ல தரையைத் தொடறதும் அதுதான். ஷார்ட்ஸைப் போட்டுக்கிட்டு அந்த மொட்டுக்கு நேரா துணி மேல சாக்பீஸால ஒரு புள்ளி வைங்க. பேட்டோட விளிம்பையும் தடவிப் பார்த்து ஒரு கோடு போடுங்க. அப்புறம் சைக்கிள் மேல ஏறி, சீட்டை இறக்கி, முட்டியையும் இடுப்பையும் மடக்கி, இறங்கும்போது நிக்கற மாதிரி நில்லுங்க. இருபது முப்பது தடவை உட்கார்ந்து எழுந்துட்டு மறுபடி மொட்டைத் தேடி இன்னொரு புள்ளி. ரெண்டு புள்ளியும் கோட்டுக்குள்ள, விளிம்புல இருந்து ரெண்டு விரலாவது தள்ளி இருக்கணும். நேரா நிக்கறப்ப மட்டும் பார்த்து வாங்கறவங்கதான் ஏமாறுறாங்க.

சரிவுமானி | 11:30

புள்ளி வைப்பதெல்லாம் சரி, நிலை 1 பேட் எங்கே உட்கார்ந்தாலும் நிலை 1 தான். நான் சொன்னதை யாரும் கவனிக்கவில்லை.

குன்னூர்கியர் | 11:42

கவனிச்சோங்க. ஒரே மாதிரி ஃபோம்ல நிலை 2 வேணும்னா தடிமன் ஏறும், காத்து குறையும். ஜூலை வெயில்ல நாள் முழுக்க ஓட்டறவர் மத்தியானம் அதைக் கழட்டிப் பைக்குள்ள போட்டுட்டா நிலை 2 எதுக்கு? இடத்துல நிக்கற நிலை 1, பின்னாடி போற நிலை 2-ஐ விட மேல்.

கவசப்பிரியன் | 11:49

அதுல மோட்டார் சைக்கிள் படம் ஏன் இருக்குன்னு யாராவது சொல்லுங்க. சைக்கிளுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? தார் ரோட்டுல போறவனுக்கு எழுதின விதி அது.

சரிவுமானி | 11:58

இந்தச் சோதனை வேகத்தையோ இஞ்சினையோ அளக்கவில்லை. ஒரு எடை, ஓர் அடி, கீழே கடக்கும் விசை, அவ்வளவுதான். பைக்கில் இருந்து விழுந்தாலும் சைக்கிளில் இருந்து விழுந்தாலும் இடுப்பு எலும்பு தரையில் மோதுவது ஒன்றுதான். மலை சைக்கிள் கவசங்கள் பெரும்பாலும் இதே எண்ணைத்தான் தாங்கி வருகின்றன.

கவசப்பிரியன் | வெள்ளி, 12:06

தார் ரோட்டுல ரொம்ப தூரம் உரசிட்டுப் போகணும், அதுக்குத் துணி கிழியாம இருக்கணும். காட்டுப் பாதைல வேர், கல், மரம். குத்தும் அடி. பேட் மேல எடை போட்டுப் பார்த்தா அது தெரியாது.

சரிவுமானி | 12:15

துணி கிழிவதற்குத் தனி விதி இருக்கிறது. இது பேட்டுக்கு மட்டுமான விதி. இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

குன்னூர்கியர் | 12:20

இந்த விவாதத்துக்குத் தனி இழை போட்டுக்கலாங்க. அவருக்கு ஒரு வாரம் கூட இல்ல. இந்த விதியில அவருக்கு ஆகற ஒரு விஷயம் சொல்றேன். அடி பட்டா இறுகற வகை ஃபோம் குளிர்ல விறைப்பாயிடும், வெயில்ல தளர்ந்துடும். படத்துக்குப் பக்கத்துல 'டி' போட்டு கூட்டல் குறி இருந்தா 40 டிகிரிலயும், கழித்தல் குறி இருந்தா மைனஸ் 10 டிகிரிலயும் சோதிச்சது. விஸ்லர்ல மேல ஏறினா காலையில குளிரும். பேட்டை ராத்திரி கார் டிக்கியில விடாம ரூமுக்குள்ள வச்சுக்கோங்க.

சில்லு, நான் கேட்ட கடைசிக் கேள்விக்கு இன்னும் பதில் இல்லைங்க. முதல் நாள்ல இருந்தே பின்னாடி போச்சா?

பனிச்சறுக்கு ராஜா | காலை 7:48

புதுசு வாங்க நேரம் இல்லைன்னா ஸ்னோபோர்டுக்கு விக்கிற பேட் ஷார்ட்ஸ் எடுத்துக்கலாமே? வால் எலும்புக்குத் தடிமனா இருக்கும், மலிவு.

ஊசிநூல் அக்கா | 8:10

ஸ்னோபோர்டுல பின்னால உட்கார்ந்து விழறது சகஜம், அதனால பிட்டத்துக்கும் வால் எலும்புக்கும்தான் அதுல தடிமன். இவர் விழுந்தது வளைவுல, முன்சக்கரம் வழுக்கி, பக்கவாட்டா. அதுவும் அது குளிருக்குத் தச்சது, கோடையில தாங்காது தம்பி. கண்டுனது ஆறிட்டதா? அந்த இடத்துல தோலுக்கு அடியில தண்ணி ஆடற மாதிரி மெத்துன்னு வீக்கம் இருந்தா, பேட் வாங்கறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட காட்டுங்க. உரசி விழறப்ப தோல் அடித்திசுவை விட்டுப் பிரிஞ்சு அங்க நீர் கட்டறது உண்டு, அது தானா வடியும்னு விடக் கூடாது.

ரொறொன்ரோச்சில்லு | மதியம் 12:33

காயம் ஆறீட்டுது அக்கா, வீக்கம் இல்லை. பிட்டம் 40 இஞ்சி, தொடை 23 அரை. ஷார்ட்ஸ் மீடியம். முதல் ரெண்டு மாசம் நல்லாத்தான் இருந்தது. தோய்ச்சாப் பிறகுதான் இப்பிடி.

ஊசிநூல் அக்கா | 12:41

தோய்ச்சப்ப பேட்டைக் கழட்டினீங்களா? எதுல காய வச்சீங்க?

ரொறொன்ரோச்சில்லு | 12:44

கழட்டித்தான் போட்டனான். ட்ரையரில.

ஊசிநூல் அக்கா | 1:20

அப்ப ரெண்டு சந்தேகம் இருக்கு தம்பி, ரெண்டையும் இன்னைக்கே பாருங்க.

ஒண்ணு, பேட் இடம் மாறி இருக்கலாம். நிறைய இடுப்பு பேட் இடது வலதுன்னு தனித்தனியா வார்த்தது. பார்க்க ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கும். மேசை மேல பக்கத்துல பக்கத்துல வைங்க. ஒரு பக்கம் ஓரம் மெலிசா நீண்டு இருக்கும், அது தொடை மடங்கற முன்பக்கத்துக்கு. தடிமனான நடுப்பகுதி மொட்டு மேல. குழிஞ்ச முகம் உடம்பைப் பார்க்கணும், எழுத்து பொறிச்ச முகம் பெரும்பாலும் வெளிய. மாத்திப் போட்டா மெலிசான ஓரம் பின்னால போகும், தடிமன் மொட்டை விட்டு விலகிடும். நீங்க சொன்ன "பின்னுக்குப் போகுது" இதுதான்னு நினைக்கறேன்.

ரெண்டாவது, ட்ரையர் சூடு எலாஸ்டிக் நூலைத் தளர்த்திடும். தொடைப் பட்டியை ரெண்டு கையாலயும் இழுத்து விடுங்க, உடனே சுருங்கி வரணும். அலை அலையா நின்னா அது போச்சு. பேட் வச்ச பையும் அகன்றிருந்தா, உள்ள பேட் விளையாடும். பை மட்டும் தளர்ந்திருந்தா பையோட ஓரத்துல அரை சென்டிமீட்டர் உள்ள தள்ளி ஜிக்ஜாக் தையல் போட்டுச் சிறிசாக்கலாம். நேர்த்தையல் போட்டா துணி இழுபடறப்ப நூல் அறுந்துடும். பாலியெஸ்டர் நூல், நுனி மழுங்கின பனியன் துணி ஊசி. ஃபோமைக் குத்திடாதீங்க, ஊக்கு போட்டுப் பிடிக்கவே கூடாது. விழுந்தா அது உள்ள குத்தும்.

இனிமே 30 டிகிரி தண்ணி, துணி மென்மையாக்கற திரவம் வேண்டாம், நிழல்ல கொடியில காய வைங்க. பேட்டை ஈரத்துணியால துடைச்சாப் போதும்.

நெடுந்தூரக்காரன் | 1:35

சைஸ் பெரிசுன்னு நான் சொன்னது தப்பு, மன்னிக்கணும். 40-க்கு மீடியம் சின்னதாத்தான் இருக்கும். கீழ காட்டன் ஜட்டி போட்டிருந்தா அதுவும் வழுக்கும், மெலிசான பாலியெஸ்டர் போடுங்க.

குன்னூர்கியர் | 1:52

மேல போடற பேண்டையும் சேர்த்துப் பாருங்க. இடுப்பு, தொடைல இறுக்கமா இருந்தா குனியறப்ப அது பேட்டை இழுக்கும். ஷார்ட்ஸ் மட்டும் போட்டு வச்ச புள்ளி, பேண்டோட சேர்த்துப் போட்டா மாறிடும். அதனால ரெண்டையும் போட்டுச் சோதிங்க. ஒருதரம் பலமா விழுந்த இடப்பக்க பேட்டை வளைச்சுப் பாத்து, வெடிப்பு இருந்தாலோ அமுக்கின இடம் திரும்பி எழும்பலைன்னாலோ மாத்திடுங்க.

சரிவுமானி | 2:05

முதல் பதிவிலேயே "தோய்த்தேன், ட்ரையர்" என்ற இரண்டு சொல் இருந்திருந்தால் நேற்று இரவே முடிந்திருக்கும். புதிதாக வாங்கினால் நிலை 2.

ரொறொன்ரோச்சில்லு | இரவு 8:16

மாறித்தான் கிடந்தது. லெஃப்ட் எண்டு பொறிச்சது வலப்பக்கத்தில. மாத்திப் போட்டாப் பிறகு புள்ளி நடுவில வருது. தொடைப் பட்டி போயிட்டுது, லார்ஜ் ஒண்டு ஓடர் பண்ணியாச்சு. எல்லாருக்கும் நன்றி.

ஊசிநூல் அக்கா | 8:40

சந்தோஷம் தம்பி. புதுசு வந்ததும் அதே புள்ளிச் சோதனை, பேண்டோட சேர்த்து. வால் எலும்பு பேட்டையும் கழட்டித்தானே தோய்ச்சீங்க? அது தலைகீழா இருக்கான்னு பார்த்தீங்களா? குறுகின முனை கீழ வரணும்.

குன்னூர்கியர் | சனி, காலை 6:55

லார்ஜ் நீங்க விஸ்லருக்குக் கிளம்பறதுக்குள்ள வந்துடுமாங்க? வரலைன்னா பழைய ஷார்ட்ஸ்ல தொடைப் பட்டிக்கு என்ன பண்ணலாம்னு அக்கா சொல்வாங்க, கேட்டுக்கோங்க.