மடிநோய்க்குக் கற்றாழைப் பூச்சு: ஆராய்ச்சியா, வெறும் நம்பிக்கையா?

வெண்ணாற்றங்கரை:
எங்கள் பால் சொசைட்டியில் ஒரு பேச்சு ஓடுகிறது. மாட்டுக்கு மடிநோய் வந்தால் முதலில் கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்புப் பூச்சு, அது கேட்காவிட்டால்தான் ஆன்டிபயாடிக் ஊசி, இதை உறுப்பினர் எல்லாரும் கடைப்பிடிக்கலாமா என்று. நான் வேண்டும் என்கிற கட்சி. இது பாட்டி சொன்ன வைத்தியம் என்று தள்ளுகிறவர்களுக்குச் சொல்கிறேன், தஞ்சாவூரில் இருக்கிற கால்நடைப் பல்கலைக்கழக மையத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி வருடக்கணக்கில் வேலை செய்து அளவு குறித்துக் கொடுத்தது. கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். தேசியப் பால்வள வாரியமே இன்றைக்கு நாடு முழுக்க இதைச் சொல்லிக் கொடுக்கிறது. ஊசி போட்டால் மூன்று நான்கு நாள் பாலைக் கீழே கொட்ட வேண்டும். கொட்டுகிறோமா? கொட்டுவதில்லை, டீக்கடைக்குப் போகிறது. பூச்சுக்கு அந்தத் தொல்லையே கிடையாது. எதிர்ப்பு இருந்தால் இங்கேயே சொல்லுங்கள்.

நுண்ணுயிரி_தஞ்சை:
எதிர்க்கிறேன். பூச்சு மேல் எனக்குக் கோபம் இல்லை, "முதலில் எல்லாருக்கும் இதுதான்" என்பதுதான் பிரச்சினை. மடிநோய் என்பது ஒரே நோய் இல்லை, பல கிருமிகளால் வரும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே என்றால் பென்சிலினுக்கு நன்றாகக் கேட்கும், தள்ளிப்போட்டால் பக்கத்து மாட்டுக்கும் போகும். ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்றால் ஊசிக்கும் சரியாகக் கேட்காது, மடிக்குள்ளேயே ஒளிந்துகொண்டு திரும்பத் திரும்ப வரும். ஈ.கோலை லேசாக வந்தால் பெரும்பாலும் மாடே சமாளித்துவிடும். இந்தக் கடைசி வகை மாட்டுக்கு நீங்கள் கற்றாழை பூசினாலும் சரி, களிமண் பூசினாலும் சரி, சில நாளில் பால் தெளியும், நீங்கள் பூச்சைப் புகழ்வீர்கள்.

இன்னொன்று. அந்த முறையில் ஒவ்வொரு தடவையும் மடியைக் கழுவி, காம்பில் இருக்கிறதை முழுக்கப் பீய்ச்சிவிட்டுத்தான் பூசச் சொல்கிறார்கள், அதுவும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. அடிக்கடி பீய்ச்சி வெளியேற்றினால் கிருமியும் அதன் நஞ்சும் குறையும் என்று முன்பிருந்தே சொல்வதுதானே. அப்படியானால் குணமாக்கியது பூச்சா, கழுவியதா, பீய்ச்சியதா? கழுவிப் பீய்ச்சி மட்டும் விட்ட மாடுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இதற்குப் பதில் கிடையாது.

வெண்ணாற்றங்கரை:
தம்பி, நல்ல கேள்விதான். ஆனால் ஊசிக்கு மட்டும் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லையே? நம் பக்கம் மாட்டுக்கு ஊசி போடுகிறவர்களில் எத்தனை பேர் பாலைச் சோதித்து, எந்தக் கிருமி என்று பார்த்துப் போடுகிறார்கள்? வண்டியில் வருவார், மடியைத் தொட்டுப் பார்ப்பார், பையில் இருப்பதைப் போடுவார், காசு வாங்கிக்கொண்டு போவார். நீங்களே சொன்ன ஈ.கோலை மாட்டுக்கும் அதே ஊசிதான். தானாகக் குணமானாலும் பேர் ஊசிக்குத்தான்.

நுண்ணுயிரி_தஞ்சை:
ஒத்துக்கொள்கிறேன், அதுவும் தப்புதான். ஒரு தப்பை இன்னொன்றால் நேராக்க முடியாது என்கிறேன். வேதியியல் பக்கமும் ஒரு சந்தேகம் இருக்கிறது. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும், ஆரத்தித் தட்டில் பார்ப்போமே, அதேதான். அந்தச் சிவப்பைத்தான் "பக்குவம் வந்துவிட்டது" என்கிறார்கள். ஆனால் மஞ்சளின் முக்கியப் பொருளான குர்குமின், சுண்ணாம்பு மாதிரி காரத்தில் வேகமாகச் சிதையக்கூடிய பொருள். மஞ்சளின் மகிமை என்று எதைச் சொல்கிறோமோ அதையே சுண்ணாம்பு தின்றுவிடுகிறது என்றால் மிச்சம் என்ன வேலை செய்கிறது?

வெண்ணாற்றங்கரை:
அது தெரியாவிட்டால் மருந்தே இல்லை என்று ஆகிவிடுமா? சீனாவில் து யூயூ மலேரியாவுக்கு ஆர்டிமிசினின் எடுத்த கதை உங்களுக்குத் தெரியாததா. மூலிகையைக் கொதிக்க வைத்து எடுத்தபோது பலன் நிலையாக வரவில்லை. பழைய ஏட்டில் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடி என்று இருந்ததைப் படித்துவிட்டு, சூடு ஆகாது போலிருக்கிறதே என்று ஈதர் என்ற கரைப்பானில் குறைந்த வெப்பத்தில் எடுத்தார், வேலை செய்தது, 2015இல் நோபல். அந்த ஏட்டை எழுதியவருக்கு ஆர்டிமிசினின் என்ற பெயர் தெரியுமா? நம் சர்ப்பகந்தி மூலிகையும் அப்படித்தான், ரத்தக் கொதிப்புக்கு அது கேட்கிறது என்று பம்பாயில் டாக்டர் வகீல் 1949இல் இங்கிலாந்துப் பத்திரிகையில் எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

நுண்ணுயிரி_தஞ்சை:
அண்ணே, நீங்கள் சொன்ன இரண்டு கதையும் என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறது. ஏட்டில் இருந்தது என்பதற்காக நோபல் கொடுக்கவில்லை, ஏட்டில் இருந்ததில் எது நிற்கும் எது நிற்காது என்று சலித்து எடுத்ததற்குக் கொடுத்தார்கள்.

மாட்டாஸ்பத்திரி:
நான் கால்நடை மருத்துவர், அரசுப் பணி. இரண்டு பேரும் சண்டை போடுவதற்குள் மாடு செத்துவிடக் கூடாது என்பதால் இடையில் வருகிறேன். மாடு தீனி எடுக்கவில்லை, காய்ச்சல் அடிக்கிறது, மடி கல்லாக இருக்கிறது, பால் தண்ணீராகவோ ரத்தமாகவோ வருகிறது, படுத்த மாடு எழவில்லை, இதில் எது இருந்தாலும் பூச்சு பூசிக்கொண்டு காத்திருக்கக் கூடாது, உடனே கூப்பிடுங்கள். விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டால் ஒரு ராத்திரி போதும். மாடு நன்றாகத் தின்கிறது, பாலில் மட்டும் திரித்திரியாக வருகிறது என்றால் பூச்சைத் தொடங்குங்கள், நானே சொல்லி அனுப்புகிறேன். ஆனால் தொடங்கும் முன் ஒரு மாதிரி எடுத்து வையுங்கள். பல நாடுகளில் இப்போது பாலில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்த்துவிட்டு, கிருமி வளராத மாட்டுக்கும் ஈ.கோலை வகை மாட்டுக்கும் மடிக்குள் ஆன்டிபயாடிக் ஏற்றுவதையே விட்டுவிடுகிறார்கள். அந்த மாடுகளுக்குப் பூச்சு கொடுத்தால் யாருக்கு நஷ்டம்?

உம்பளாச்சேரி_மரகதம்:
பத்துத் தடவை, பத்துத் தடவை என்று எல்லாரும் எழுதுகிறீர்களே, பூசுவது யார் என்று ஒருத்தரும் எழுதவில்லை. காலையில் நாற்றங்காலுக்குப் போகிறவள் மதியம் வந்து மடி கழுவி, அரைத்து, பூசி, திரும்ப நடவுக்குப் போக வேண்டும், இப்படி ஐந்து நாள். ஆம்பளைகள் சொசைட்டியில் தீர்மானம் போடுவார்கள். எங்கள் வீட்டில் பூச்சு கேட்டிருக்கிறது, கேட்காமலும் போயிருக்கிறது, கேட்காத மாட்டுக்கு எத்தனை தடவை பூசினோம் என்று யாராவது எழுதி வைத்தார்களா என்றால் இல்லை. நாலு தடவை பூசியிருப்போம், வேலை அவ்வளவு. தம்பி கேட்கிற ஆராய்ச்சியில் இதையும் எழுதச் சொல்லுங்கள்.

கடைமடைக்காரன்:
மாட்டுக் கதை இருக்கட்டும், வயலுக்கும் இதே சண்டைதான். தாளடியில் ஆந்திரா பொன்னி போட்டவனுக்குத் தெரியும், கார்த்திகையில் காற்றும் மழையும் அடித்து ஓய்ந்தால் இலை ஓரம் மஞ்சளாகி வைக்கோல் மாதிரி காய்ந்து வரும், பாக்டீரியா இலைக்கருகல். மருந்துக்கடையில் கேட்டால் சின்னப் பொட்டலத்தில் ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் கலந்ததைத் தாமிர மருந்தோடு சேர்த்து அடிக்கச் சொல்வார்கள், காலங்காலமாக அடித்தோம். 2021 டிசம்பரில் அதைத் தடை செய்ய மத்திய வேளாண் அமைச்சகம் உத்தரவு வரைவு போட்டது, 2024 ஜனவரி 1இலிருந்து பயிருக்கு அடிக்கவே கூடாது என்று அதில் எழுதினார்கள். காரணம் கேட்டால் மனுஷனுக்கு மருந்து கேட்காமல் போய்விடுமாம். ஆஸ்பத்திரியில் சளிக்கெல்லாம் ஆன்டிபயாடிக் எழுதுகிறவனை விட்டுவிட்டு, கடைமடையில் தண்ணீர் வராமல் கிடக்கிறவன் தலையிலா கை வைப்பது?

நுண்ணுயிரி_தஞ்சை:
கடைமடை அண்ணே, உங்கள் கோபத்தில் பாதி நியாயம். ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய்க்கும் கொடுத்து வந்த மருந்து என்பதால், வயலில் அடித்தால் காசநோய் மருந்து வீணாகிவிடும் என்று சிலர் பரப்புவது மிகை. காசநோய்க் கிருமி எதிர்ப்பைப் பெறுவது நோயாளியின் உடம்புக்குள் அதன் மரபணு மாறுவதால், மருந்தைப் பாதியில் விடுவதுதான் அங்கே முக்கியக் காரணம். ஆனால் மற்ற பாக்டீரியாக்கள் அப்படி இல்லை, எதிர்ப்பு மரபணுவை ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்ளும். அமெரிக்காவில் ஆப்பிள் தோட்டத்தில் ஸ்ட்ரெப்டோமைசின் அடித்து அடித்து, கருகல் நோய்க் கிருமி அதற்கு மசியாமல் போன இடங்கள் உண்டு. உங்கள் வயலிலும் முதலில் போவது உங்கள் பயிருக்கான மருந்துதான். கோழித் தீவனத்தில் கொலிஸ்டின் என்கிற ஆன்டிபயாடிக்கைக் கலப்பதை 2019இல் தடை செய்ததும் இதே யோசனையில், மனிதனுக்குக் கடைசி ஆயுதம் அது.

கடைமடைக்காரன்:
சரி, அடிக்கவில்லை. பதிலுக்கு என்ன?

மாட்டாஸ்பத்திரி:
இது என் துறை இல்லை, ஆனால் என் அண்ணன் விவசாயி. வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையிலேயே 20 சதவீதப் பசுஞ்சாணிக் கரைசல் இருக்கிறது, நோய் தெரிந்ததும் ஒரு தடவை, பதினைந்து நாள் கழித்து இன்னொரு தடவை. யூரியாவை அள்ளிக் கொட்டாதீர்கள், நடும்போது நாற்று நுனியைக் கிள்ளாதீர்கள், அந்தக் காயத்தில்தான் கிருமி ஏறும்.

நுண்ணுயிரி_தஞ்சை:
அதைவிட நல்ல பதில் ஒன்று உண்டு. ஹைதராபாத்தில் செல்-மூலக்கூறு உயிரியல் மையமும் நெல் ஆராய்ச்சி இயக்ககமும் சேர்ந்து உங்கள் ஆந்திரா பொன்னிக்கே, அதன் இன்னொரு பெயர் சம்பா மசூரி, இலைக்கருகலைத் தாங்கும் மூன்று மரபணுக்களை சாதாரண இனக்கலப்பிலேயே ஏற்றி, 2008இல் மேம்படுத்திய சம்பா மசூரி என்று வெளியிட்டார்கள். மரபணு மாற்றுப் பயிர் இல்லை, அந்தப் பயம் வேண்டாம்.

கடைமடைக்காரன்:
2008ஆ? எங்கள் பக்கம் விதைக்கடையில் ஒருத்தனும் இதைச் சொன்னதில்லை. ஆராய்ச்சி பண்ணிப் பண்ணி அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெண்ணாற்றங்கரை:
இதைத்தான் நான் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். வீட்டு வாசலுக்கு வருகிற கற்றாழை, அலமாரியில் இருக்கிற சான்றிதழைவிட எனக்குப் பெரிது. தம்பி கேட்கிற மாதிரி பாதி மாட்டை மருந்தே இல்லாமல் விட எங்கள் சொசைட்டியில் யார் சம்மதிப்பார்?

நுண்ணுயிரி_தஞ்சை:
மருந்தே இல்லாமல் விடச் சொல்லவில்லை. 1956இல் சென்னையில் காசநோய்க்கு ஒரு ஆய்வு தொடங்கினார்கள், உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இங்கிலாந்துக்காரர்களும் சேர்ந்து. அன்றைக்கு எல்லாரும் சானடோரியம் என்கிற காசநோய் ஆஸ்பத்திரியில் படுத்து நல்ல சாப்பாடு சாப்பிட்டால்தான் குணமாகும் என்றார்கள். இவர்கள் குலுக்கல் முறையில் சிலரை சானடோரியத்துக்கும் சிலரை நெருக்கடியான வீட்டுக்கும் அனுப்பி, இரண்டு பக்கமும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். ஏழைக்கு வீட்டிலேயே வைத்தியம் என்பது அந்தக் குலுக்கலால் ஜெயித்த வாதம் அண்ணே. லேசான மடிநோய் மாடுகளை டாக்டர் பார்த்துப் பிரிக்கட்டும், அவற்றில் பூச்சு ஒரு பக்கம், கழுவிப் பீய்ச்சுவது ஒரு பக்கம். மோசமானால் இரண்டு பக்கமும் உடனே ஊசி. பூச்சு ஜெயித்தால் நானே சொசைட்டி வாசலில் அரைத்துத் தருகிறேன்.

உம்பளாச்சேரி_மரகதம்:
குலுக்கலில் என் மாடு கழுவுற பக்கம் விழுந்து மோசமானால் ஊசிக் காசு யார் தருவது?

வெண்ணாற்றங்கரை:
சொசைட்டிதான் தர வேண்டும், அதைத் தீர்மானத்திலேயே எழுத வைக்கிறேன். பூச்சு தோற்காது என்பதால் சொல்கிறேன்.

மாட்டாஸ்பத்திரி:
நடத்துவதென்றால் மாதிரி எடுக்கிற முறை முக்கியம். காம்பை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, முதல் இரண்டு மூன்று பீய்ச்சலைக் கீழே விட்டுவிட்டு, கொதிக்க வைத்து ஆறிய புட்டியில் பிடித்து ஐஸில் வைக்க வேண்டும். பூச்சுக்கும் ஊசிக்கும் முன்னால், பின்னால் இல்லை. ஊசி போட்ட மாட்டுப் பாலைக் கலக்காதீர்கள், கொதிக்க வைத்தாலும் மருந்து முழுக்கப் போகாது, பென்சிலின் இருந்தால் தயிரே உறையாது.

வெண்ணாற்றங்கரை:
ஐஸ் பெட்டி சொசைட்டியில் இருக்கிறது. பூசுவதற்கு முன் பாலைப் பிடிக்கச் சொல்லி நம் ஆட்களை நிறுத்துவதுதான் கஷ்டம், மடி வீங்கியதைப் பார்த்தவுடன் கற்றாழையை வெட்டப் போய்விடுவார்கள்.

உம்பளாச்சேரி_மரகதம்:
புட்டியை எங்கள் கையில் கொடுங்கள், பிடித்துத் தருகிறோம். தீர்மானம் போடுகிற கூட்டத்துக்கும் கூப்பிடுங்கள்.